காபன் மொனொக்சைட் அலாரம் ஒலித்தது, யன்னலைத் திறந்ததும் நின்றுவிட்டது – பற்றறியை மாற்றினால் போதுமா?

கேள்வி (ஸ்காபரோ வாசகி):

வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு பழைமையான மாடி வீடொன்றில் வசிக்கிறோம். நேற்று இரவு பதினொரு மணியளவில், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள காபன் மொனொக்சைட் அலாரம் நான்கு முறை ஒலித்துச் சற்று நின்று, மீண்டும் நான்கு முறை ஒலித்தது. கணவர் யன்னல்களைத் திறந்து அலாரத்தின் பொத்தானை அழுத்தினார். சில நிமிடங்களில் ஒலி நின்றுவிட்டது. பற்றறி முடிந்திருக்கும் என்று மாமி சொன்னதால் அனைவரும் படுத்துவிட்டோம். இன்று காலை மாமிக்குத் தலையிடியும் குமட்டலும் இருக்கின்றன; மகனும் தலை பாரமாக இருப்பதாகச் சொல்கிறான். இருவருக்கும் காய்ச்சல் இல்லை, வீட்டில் எரிவாயு மணமும் இல்லை. மகளின் சாமத்திய வீட்டுக்காக நேற்று மாலை ஐந்து மணிநேரம் முறுக்கும் அரியதரமும் சுட்டோம். எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு. எண்ணெய்ப் புகைதான் அலாரத்தைத் தூண்டியிருக்குமா?

பதில் 1 (மார்க்கத்தில் பணிபுரியும் தாதி):

சகோதரி, முதலில் அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று, அங்கிருந்து 911ஐ அழையுங்கள். மற்றவற்றைப் பிறகு வாசிக்கலாம். கீழ்த்தளத்தில் வாடகைக்கு யாரேனும் இருந்தால் அவர்களையும் எழுப்புங்கள். மாமியின் மருந்தையோ குளிர் அங்கியையோ எடுக்க எவரும் திரும்பி உள்ளே போகக் கூடாது. குளிருக்காகக் கராஜுக்குள் நிற்கும் காரை இயக்க வேண்டாம், அயல்வீட்டுக்குப் போங்கள். மாமி தனியாக இருக்கும் நாளில் இப்படி நேர்ந்தால், 911இல் “தமிழ்” என்று மட்டும் சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

நான்கு ஒலிகளும் ஓர் இடைவெளியும் என்றால் நச்சுவாயு இருக்கிறது என்று பொருள். பற்றறி முடியும்போது நிமிடத்துக்கு ஒருமுறை போல ஒற்றை ஒலி மட்டுமே வரும். இந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரே வீட்டில் இருவருக்குக் காய்ச்சலின்றித் தலையிடி வந்திருப்பதே எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

மருத்துவமனையில் அலாரம் ஒலித்த செய்தியை முதலிலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் மானி, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஒட்சிசனா இந்த நச்சா என்று பிரித்தறியாது. ஆகவே அது 98 காட்டினாலும் நம்ப வேண்டாம். இந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வது. சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும். முகக்கவசம் வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணிநேரத்தில் பாதியாகும். எனவே வீட்டை விட்டு வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள்.

பதில் 2 (எரிவாயுத் தொழினுட்பவியலாளர்):

தாதி சொன்னதைச் செய்துவிட்டு இதை வாசியுங்கள். பொரித்த எண்ணெய்ப் புகை இந்த அலாரத்தைத் தூண்டாது. ஆனால் அடுப்புக்கு மேலுள்ள விசிறி காரணமாகியிருக்கலாம். வட அமெரிக்கத் தரத்தின்படி, காற்றில் பத்து இலட்சத்தில் 70 பங்கு வாயு இருந்தால் அலாரம் ஒரு மணிநேரத்துக்கும் நான்கு மணிநேரத்துக்கும் இடையில்தான் ஒலிக்கும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் ஒலிக்கும். ஆகவே அது ஒலிக்கும் முன்னரே நீங்கள் நெடுநேரம் சுவாசித்திருக்கக் கூடும்.

வீட்டைச் சூடாக்கும் உங்கள் ஃபேர்னஸ் அண்மையில் மாற்றப்பட்டதா? புதிய ஃபேர்னஸ் தன் புகையைப் பிளாஸ்ரிக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும். அதுவரை அதனுடன் புகைபோக்கியைப் பகிர்ந்துவந்த, எரிவாயுவில் இயங்கும் சுடுநீர்த் தாங்கி, தனக்கு மிகப் பெரிதான, குளிர்ந்துபோன புகைபோக்கியில் தனித்துவிடப்படும். யன்னல்கள் யாவும் மூடிய குளிர்கால வீட்டில் வலிய விசிறி மணிக்கணக்காக ஓடினால், வெளியேறும் காற்றை ஈடுசெய்ய வெளிக்காற்று அந்தப் புகைபோக்கி வழியாகவே கீழிறங்கும். எரிந்த புகை வீட்டுக்குள் திரும்புவதோடு, சுவாலையும் ஒட்சிசன் குறைந்த காற்றில் எரிந்து மேலும் நச்சை உண்டாக்கும். யன்னலைத் திறந்ததும் அலாரம் நின்றது இதனுடன் பொருந்துகிறது. காற்று வர வேறு வழி கிடைத்ததும் புகைபோக்கி மீண்டும் மேல்நோக்கி இழுத்திருக்கும்.

கேள்வி கேட்டவர், மறுநாள்:

அனைவருக்கும் நன்றி. யன்னல்கள் இரவெல்லாம் சற்றுத் திறந்திருந்ததால், தீயணைப்புப் படையினரின் மானி முதலில் மிகக் குறைவாகவே காட்டியது. ஆயினும் அவர்கள் எரிவாயுவை மூடிவிட்டுத் தொழினுட்பவியலாளரை அழைக்கச் சொன்னார்கள். வந்தவர் எல்லா யன்னல்களையும் மூடி, அடுப்பு விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தாங்கியை எரியச் செய்தார். தாங்கியின் தலைப்பில் உள்ள திறந்த கூம்பருகே புகைக்குச்சி ஒன்றைப் பிடித்தபோது, மேலே போக வேண்டிய புகை வளைந்து எங்கள் முகத்துக்கே வந்ததைக் கண்ணால் கண்டேன். ஃபேர்னஸை இரண்டாண்டுக்கு முன் மாற்றியிருந்தோம். தாங்கியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இப்போது அதில், பயன்படுத்தக் கூடாது என்னும் சிவப்பு அட்டை தொங்குகிறது. மாமிக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். மாலையில் வீடு திரும்பினார். இனி விசிறி இல்லாமல் சமைக்க வேண்டுமா?

பதில் 3 (எரிவாயுத் தொழினுட்பவியலாளர்):

மாமி நலமாகத் திரும்பியது பெரும் ஆறுதல். விசிறியைக் கைவிட வேண்டியதில்லை. தன் புகையைத் தானே விசிறியால் வெளியே தள்ளும் தாங்கியையோ மின்சாரத் தாங்கியையோ பொருத்துங்கள். பொருத்தியவர் விசிறி ஓடும்போதும் சோதித்துக் காட்டிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

அலாரங்களையும் பாருங்கள். 2008 டிசம்பரில் உட்ஸ்டொக் நகரில், அடைபட்ட புகைவழியால் ஒரு பொலிஸ் அதிகாரியின் குடும்பம் முழுவதும் இறந்த பின்னர்தான் ஒன்ராறியோவில் இவ்வலாரம் சட்டமானது. 2026 ஜனவரியிலிருந்து படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமன்றி, ஒவ்வொரு தளத்திலும் அது இருக்க வேண்டும். தாங்கி இருக்கும் கீழ்த்தளத்தில் ஒன்று இருந்திருந்தால் உங்களுக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும். இப்போதுள்ளதைக் கழற்றிப் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் திகதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் ஆயுள் ஏழு முதல் பத்து ஆண்டுகள்தான்.