கடலோர ஊராட்சிகளின் சொந்த வருவாய்: பிஎச்டிக்கு எங்கே தொடங்குவது?

கேள்வி: ராமநாதபுரம் கடலோர ஊராட்சிகளின் வரி வருவாய் பற்றிப் பொருளியலில் ஆய்வு செய்யவிருக்கிறேன். எந்தக் கணக்கை முதலில் எடுக்கலாம்?

பதில் 1: கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேடு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் மூன்றையும் தனித்தனியா எடுங்க. வசூலில் பழைய நிலுவையும் கலந்திருக்கும். பிரிக்காமல் நடப்பு ஆண்டின் கேட்பால் வகுத்தால் வசூல் விகிதம் நூறு சதவீதத்தைக்கூடத் தாண்டலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

பதில் 2: ஊர்ப் பெயரில் கவனம். மண்டபம் ஒன்றியமும்தான், பேரூராட்சியும்தான். பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகள், ராமேஸ்வரம் நகராட்சி. மானியத்திலும் ஒரு சிக்கல்: மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் குடிநீர், சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டிய பங்கு 2020-21இல் 50 சதவீதம், அடுத்த ஆண்டிலிருந்து 60. இதைக் குறிக்காவிட்டால், செலவு மாறியது ஊராட்சியின் முடிவாலா விதியாலா என்று சொல்லவே முடியாது.

பதில் 3: 2016 அக்டோபரிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினாங்க. அந்த ஆண்டுகளைத் தயவுசெய்து தள்ளிடாதீங்க, ஆய்வின் உயிரே அதுதான். ராமநாதபுரத்தில் 2019 டிசம்பரில் தேர்தல். திருநெல்வேலி உட்பட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் அங்கே தனி அலுவலர்களே நீடித்ததால், நெல்லைக் கடலோர ஊராட்சிகளை ஒப்பீட்டுக்கு வைக்கலாம். கொரோனா இரண்டு பக்கமும் அடித்ததால் அதன் பாதிப்பும் ஓரளவு கழிந்துவிடும்.