பென் டிரைவுக்கு கொப்பி போட்டால் கணினியே உறைந்துவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கலியாண வீடியோக்களை பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்போம். கணினியில் 16 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ்.

பெரிய வீடியோ ஒன்றைக் கொப்பி போட்டால், கோடு மளமளவென்று ஓடி முடிந்த மாதிரிக் காட்டும். ஈஜெக்ட் கொடுத்தால் அசையாது. அந்த நேரம் பிரவுசர் திறக்காது, மவுஸ்கூட விட்டு விட்டுத்தான் நகரும். கஸ்டமரோ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கவுண்டரிலேயே நிற்பார்.

எனக்கு விளங்கியவரை, எழுதவேண்டிய தரவு முதலில் ரேமில் தேங்குகிறது. இப்படித் தேங்கக்கூடிய தரவுக்கான வரம்பு, அதாவது டர்ட்டி ரேஷியோ, வழமையாக 20 வீதம். அந்த வரம்பை எட்டினால், எழுத வரும் மற்ற புரோகிராம்களும் காத்திருக்க வேண்டியதுதான். ரேம் நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி' வரி 2 ஜிபியைத் தாண்டி நின்றதைப் பார்த்தேன்.

சரி, அதே வரம்பை வீதத்துக்குப் பதிலாக அளவில் சொல்லும் டர்ட்டி பைட்ஸை 64 எம்பி, பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவான பேக்ரவுண்ட் பைட்ஸை 16 எம்பி என்று வைத்தால், எடிட்டிங் நடக்கும் எஸ்எஸ்டியின் வேகமும் அடிபடுமா? பென் டிரைவுக்கு மட்டும் வரம்பு போட பிடிஐ எனும் ஒவ்வொரு டிரைவுக்குமான செட்டிங்கில் மேக்ஸ் ரேஷியோ என்று ஒன்று இருக்கிறதே, யாராவது பாவித்திருக்கிறீர்களா? நல்ல பென் டிரைவ் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். கஸ்டமர் கொண்டுவருவதில்தான் ஏற்றவேண்டும்.