பாட்டுக்கு நம்பர் போட்டவர்களோடு பட்ட அனுபவம்

வாவிக்கரை (கல்லடி):

நான் விமர்சகன் இல்லை. கல்லடியில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு, தேர்தல் கூட்டம், எதுவென்றாலும் பொக்ஸ் கட்டுவது என் வேலை. முடிந்ததும் வயரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அந்த வேலையை மறந்துவிடுவேன். ஒரு நாள் வேலை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

2021இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இசைச் சஞ்சிகை, எல்லாக் காலத்திலும் சிறந்த 500 பாட்டு என்று போட்ட தன் பட்டியலைப் புதுப்பித்த கதை எல்லாருக்கும் தெரியும். 2004இல் முதலிடத்தில் இருந்த பொப் டிலானை நாலாம் இடத்துக்கு இறக்கிவிட்டு அரேத்தா பிராங்க்ளினை மேலே ஏற்றினார்கள். அந்தச் சூடு இரண்டு வருடம் கழித்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு கலை வட்டம், பெயர் வேண்டாம், கடந்த முப்பது வருடத் தமிழ்ப் பாட்டுகளில் சிறந்த ஐம்பதைத் தெரிவு செய்ய ஐந்து நடுவர்களைக் கூட்டியது. இரண்டு பேர் பேப்பரில் இசை விமர்சனம் எழுதுகிறவர்கள். ஒருவர் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கியவர். முன்தெரிவில் 140 பாட்டு. லப்டொப்பில் ஒவ்வொன்றாகப் போட்டு, கை காட்டினால் நிறுத்த வேண்டியது நான்.

காலையில் சரணம் வரை கேட்டார்கள். பதினொரு மணிக்குப் பிறகு பல்லவியோடு சரி. மத்தியானம் புரியாணி. மறுகா இருபது செக்கன்தான். தலைமை நடுவர் தலையை நிமிர்த்துவதே இல்லை, பேனையை மட்டும் மேலே தூக்குவார். நான் நிறுத்துவேன். ஐந்து பேரும் பத்துக்கு எத்தனை என்று எழுதுவார்கள்.

97ஆவது பாட்டு. முதல் நாற்பது செக்கனுக்கு ஒரு வீணை மட்டும்தான். அவசரமே இல்லாமல், பக்கத்து வீட்டில் யாரோ தனியாகப் பழகுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாய் திறப்பாள். பேனை எழும்பியது. திரையைப் பார்த்தேன், 0:22. என் விரல் மவுஸில். "சேர், இன்னும் பாட்டுத் தொடங்கவில்லை" என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. அமத்தினேன். ஐந்து பேனையும் ஓடியது. குரலைக் கேட்காமலே ஒரு பாட்டுக்கு ஐந்து நம்பர்.

பின்னேரம் காசைத் தந்துவிட்டு, "தம்பி, சவுண்ட் நல்ல கிளியர்" என்றார் தலைமை நடுவர். உங்களில் யாருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ரீச்சர் (அக்கரைப்பற்று):

எனக்கு நடுவர் யாரையும் தெரியாது, அவர்கள் போட்ட பட்டியலோடுதான் என் வழக்கு. நீங்கள் சொன்ன அதே 2021 பட்டியலில் 46ஆவது இடத்தில் எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' இருக்கிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தம் தொடங்கித் திரும்பவும் லண்டனுக்கே அகதியாகப் போன தமிழ்ப் பிள்ளை. நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று முதல் நாள் இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

அந்தக் கோரஸ் தெரியும்தானே. வரியைத் தொடங்கிவிட்டு மீதியை வாயால் பாட மாட்டா. அந்த இடத்தில் துப்பாக்கி வெடிக்கும், பிறகு கல்லாப்பெட்டி கிளிங் என்று திறக்கும். குடியேறி வந்தவர்களைப் பற்றி ஊர் நினைப்பதை அப்படியே திருப்பிக் காட்டுகிறா என்று விமர்சகர்கள் புகழ்ந்த இடம் அதுதான். நானும் அதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

உம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. முதல் வெடிக்குத் துருவுகிற சத்தம் நின்றது. இரண்டாம் தரம் கோரஸ் வந்தபோது முன்னறைக்கு வந்தா. என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தினா. மற்ற ஜன்னலையும் சாத்தினா. லைட்டை நூர்த்தா. சுவிச்சில் தேங்காய்ப்பூ ஒட்டிக்கொண்டது.

"பாட்டு உம்மா" என்றேன்.

"பாட்டா?" என்று கேட்டுவிட்டு, லைட்டைப் போடாமலே திரும்பிப் போனா.

பிள்ளைகளுக்கு நான் வேறு பாட்டுத்தான் காட்டினேன். செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

களுதாவளை மச்சான்:

வாவிக்கரை, குறை நினைக்கக் கூடாது. 140 பாட்டை முழுசாகக் கேட்டால், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 700 நிமிடம். பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே. புரியாணிக்கும் நேரம் இல்லை. முப்பது வருடமாகப் பாட்டோடு கிடக்கிறவருக்கு இருபது செக்கன் போதும். அவர் கேட்கவில்லை, ஞாபகப்படுத்துகிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்று சும்மாவா சொன்னார்கள்?

விமர்சகர்களைத் திட்டுகிறவர்கள் சனம் வாக்குப் போடுகிற லட்சணத்தையும் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், நானே செய்தேன். 2002, பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் யுத்த நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதை திறந்த வருடம். பிபிசி உலக சேவை தன் 70ஆவது ஆண்டுக்கு உலகத்தின் விருப்பப் பாட்டைத் தெரிவு செய்யச் சொன்னது. நானும் பெரியம்மாவின் மகனும் டவுனில் ஒரு நெட் கபேக்குப் போனோம். அவன் 'தளபதி' படத்து 'ராக்கம்மா'வுக்குப் போட்டான். நானும் அதற்கே, என் ஈமெயிலில் ஒன்று. அக்காவின் பெயரில் புது ஈமெயில் திறந்து இன்னொன்று. மறுகா, செத்துப்போன பெரியப்பாவின் பெயரிலும் ஒன்று திறந்தேன். உயிரோடு இருந்த காலத்தில் சினிமாப் பாட்டு வந்தால் றேடியோவையே மூடுகிற மனிதன். அவரின் பெயரை எழுத்து எழுத்தாக அடிக்கும்போது விரல் கூசியது. பக்கத்தில் அவருடைய மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் முடிவு வந்தது. ராக்கம்மா நாலாவது! அதே பத்துக்குள் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஆனால் முதலாவதாக வந்தது அயர்லாந்துக்காரர்களின் பழைய விடுதலைப் பாட்டு, இரண்டாவது வந்தே மாதரம். யார் கூட்டமாக வந்தார்களோ அவர்களுடைய பாட்டு. எங்களுக்கு ஒரு பெரியப்பா என்றால் அயர்லாந்தில் எத்தனை பெரியப்பாக்களோ. அதற்கு இருபது செக்கன் கேட்கிற ஐந்து பேர் எவ்வளவோ மேல்.

வாவிக்கரை:

மச்சான், ஞாபகப்படுத்துகிறார் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் 97க்கு நம்பர் போட்ட பிறகு அவர் பக்கத்தில் இருந்தவரிடம் "இது எந்தப் படம்?" என்று கேட்டார். மேலே எழுத மறந்துவிட்டேன்.

வட்டைக்காற்று (நிந்தவூர்):

என்னுடையது சினிமாப் பாட்டு இல்லை, ஆனால் இதுவும் பட்டியல்தான். ஒருவர் கிழக்கின் பாட்டுகளைத் திரட்டி, சிறந்தவற்றை மட்டும் புத்தகமாகப் போடப் போவதாக வீட்டுக்கு வந்தார். எங்கள் மூத்தம்மாவுக்குக் கவி நிறையப் பாடம், வயல் வேலைக்குப் போகும்போது பாடுவது. அவர் போனில் பதிந்தார், மூத்தம்மாவும் நல்லாத்தான் பாடினா. பிறகு ஒரு போமை எடுத்து மடியில் வைத்தார். பாட்டின் பெயர், எழுதியவர், இசை, வெளியான ஆண்டு.

"ஆர் எழுதின?"

"எழுதுறதா? எனக்கு எழுதத் தெரியாதே மகன்."

"எந்த வருசம் வந்தது?"

"வட்டைக்குள்ள இறங்கினா வாயில வரும்."

நாலு பெட்டியிலும் 'தெரியாது' என்று எழுதினார். மூத்தம்மா அந்தப் பேனை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தா. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போன பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "மகள், நாலு தரம் என்னவோ ஒன்றைத்தானே எழுதின, என்ன அது?" என்று கேட்டா. வாசிக்கத் தெரியாது, ஆனால் நாலும் ஒரே சொல் என்று கண்டுபிடித்துவிட்டா.

"உங்கட பேர்தான் மூத்தம்மா" என்றேன்.

புத்தகம் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

டெக் 90:

எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். முறை தெரியாமல் செய்ததால் வந்த வினை இது. நான் மட்டக்களப்பில் ரெக்கோர்டிங் பார் வைத்திருந்தவன், எனக்கு ஒவ்வொரு நாளும் பட்டியல்தான். ஆட்கள் கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதித் தருவார்கள், அறுபது நிமிடக் கசெற்றில் ஏற்றிக் கொடுப்பேன். ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு ஒரு நாள், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து ஒரு பொடியன் வந்து தாளை நீட்டினான். பன்னிரண்டு வரியிலும் ஒரே பாட்டு. "தம்பி, ஒரு தரம் ஏற்றினால் ரீவைண்ட் பண்ணிக் கேட்கலாமே" என்றேன். "ரீவைண்ட் பண்ணினா பற்றறி போயிடும் அண்ணே" என்றான். அங்கே கரண்ட் இல்லை, பற்றறியும் குதிரைக்கொம்பு. பேனையை விட்டுச் சுற்றலாமே என்று யாராவது கேட்பீர்கள். சுற்றலாம், ஆனால் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்கும் பற்றறிதானே போகும்.

அது கிடக்கட்டும். இனிப் பட்டியல் போட நினைக்கிறவர்கள் கவனிக்கவும். நடுவர்களை ஒரு அறைக்குள் கூட்டவே கூடாது. ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர் நம்பர் போடுவார். ரோலிங் ஸ்டோன் செய்தது சரியான வழி: பாடகர், இசைக்காரர், விமர்சகர் என்று 250 பேருக்கு மேல், ஆளுக்கு 50 பாட்டை வரிசைப்படுத்தி அனுப்பச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 4000 பாட்டுக்கு வாக்கு விழுந்தது. பழைய பட்டியலில் இல்லாத 254 பாட்டு உள்ளே வந்தது. ஒரே ஐந்து பேர் அறைக்குள் இருந்து போட்டால் இதெல்லாம் நடக்குமா?

அடுத்தது, வந்து ஐந்து வருடம் ஆகாத பாட்டைச் சேர்க்காதீர்கள், அதில் விளம்பரத்தின் ஈரம் காய்ந்திருக்காது. யூடியூப் கணக்கையும் நம்பாதீர்கள். 'ரௌடி பேபி' 2020இல் நூறு கோடி பார்வையைத் தாண்டியது. அதில் எத்தனை கோடி, பிள்ளைக்குச் சோறு தீத்துகிற தாய்மாரின் போனில் ஓடியது என்று யார் கணக்குப் பார்த்தது? நம்முடைய இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய பினாகா கீத் மாலாவை எடுங்கள். அமீன் சயானி வாராவாரம் ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொன்னதற்குப் பின்னால் ரெக்கோர்ட் விற்பனையும் இருந்தது, நேயர் மன்றங்களின் வாக்கும் இருந்தது. இரண்டு கால் இருந்தால்தான் ஏணி நிற்கும்.

கேட்கிற கருவியும் முக்கியம். கலியாண வீட்டு பொக்ஸில் போட்டால் அடிச்சத்தம் மட்டும் வரும், தந்தி வாத்தியம் எல்லாம் அமுங்கிப் போகும். வாவிக்கரை, அந்த வீணைக்கு ஈக்யூ, அதுதான் அடிச்சத்தம் மேல்சத்தம் கூட்டிக் குறைக்கிறது, எப்படி வைத்தீர்கள்? அதைச் சொல்லாமல் நடுவரைக் குறை சொல்வது சரியில்லை. நல்ல ஹெட்போன் ஐந்து வாங்கி...

ரீச்சர்:

டெக் 90 அண்ணன், ஹெட்போன் இருக்கட்டும். அந்தப் பொடியன் எழுதிய பாட்டு எது?

டெக் 90:

அது ஞாபகம் இல்லை தங்கச்சி. தாள் மட்டும்தான் ஞாபகம். பன்னிரண்டு வரியையும் முழுசாக எழுதியிருந்தான். 'மேற்படி' என்று ஒரு இடத்தில்கூடப் போடவில்லை.

ஓட்டமாவடி:

ரீச்சர், அமெரிக்காவிலும் அந்த வெடிச் சத்தத்தை ரி.வி.க்காரர்கள் அப்படியே விடவில்லை. மழுப்பித்தான் போட்டார்கள், எம்.ஐ.ஏ. அதற்குக் கோபப்பட்டதும் செய்தியில் வந்தது. நீங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை விட...

ரீச்சர்:

எங்கள் உம்மாவுக்கு யாரும் மழுப்பிப் போடவில்லை. பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

களுதாவளை மச்சான்:

சண்டை வேண்டாம். வாவிக்கரை, 97ஆவது பாட்டு எது என்று சொல்லுங்கள், நாங்களாவது முழுசாகக் கேட்கிறோம்.

வாவிக்கரை:

சொல்ல மாட்டேன். சொன்னால் அது நல்ல பாட்டா கூடாத பாட்டா என்று நீங்களும் நம்பர் போடத் தொடங்கிவிடுவீர்கள். டெக் 90 அண்ணன், ஈக்யூ தட்டையாகத்தான் வைத்திருந்தேன்.

களுதாவளை மச்சான்:

வருடமாவது?

வாவிக்கரை:

1999.

களுதாவளை மச்சான்:

பிடித்துவிட்டேன். பெண் குரல், மெதுவான தொடக்கம். ஆனால் அது வீணை இல்லை மச்சான், கிட்டார்.

வாவிக்கரை:

இப்போதுதான் கடைக்குள் பொக்ஸில் போட்டு, கடைசி வரை விட்டுக் கேட்டேன். வீணைதான். ஆனால் நாற்பது இல்லை, முப்பத்தெட்டுச் செக்கன்.