டெய்லிங்ஸ்: வண்டலா, சக்கையா, மண்டியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கனடாவின் வட சஸ்காச்செவனில் கேமிக்கோ நிறுவனம் நடத்தும் யுரேனியச் சுரங்கங்களுக்கான சொற்பட்டியலில் 'டெய்லிங்ஸ்' மட்டும் தமிழ்ச் சொல் இல்லாமல் நிற்கிறது. 'சுரங்கக் கழிவு' போதாது. தாதுவை எட்டுவதற்காக வெட்டி ஒதுக்கும் பாறையும் அதில் அடங்கிவிடும். டெய்லிங்ஸ் என்பது ஆலையில் தாதுவை அரைத்து, கந்தக அமிலத்தில் யுரேனியத்தைக் கரைத்தெடுத்தபின் மிஞ்சும் குழம்பு. 'வண்டல்' வேண்டவே வேண்டாம். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பவர்கள் நாம். படிப்பவர் உரம் என்றே நினைப்பார். 'தாதுச்சக்கை' எனலாமா?

செல்வி

---

செல்வி அம்மா,

வண்டல் கூடாது என்பது சரி. ஆனால் சக்கை என்றால் சாரமெல்லாம் போனது என்று பொருள். இங்கே போவது யுரேனியம் மட்டும். கதிரியக்கமுள்ள தோரியம்-230, ரேடியம்-226 இரண்டும் தங்கிவிடும். தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அந்தக் குழம்பில்தான். ரேடியத்தின் அரைவாழ்வே, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலமே, 1,600 ஆண்டு. 'கசடு' மலக்கசடு மேலாண்மைக்குப் போய்விட்டது. 'தாதுமண்டி' என்றால் அரிசி மண்டிபோல் ஒலிக்கும். எண்ணெய்ப் பானையில் தங்குகிறதே, அந்த அடிமண்டியை எடுத்துக்கொள்வோம்: 'தாது அடிமண்டி'.

குழாயில் ஓடும்போது அது அடிமண்டிக் குழம்பு. சுண்ணாம்பிட்டு அமிலத்தை முறிப்பார்கள். ரேடியத்தைப் பேரியம் குளோரைடும் ஆர்சனிக்கை இரும்பும் பிடித்துப் படியவைக்கும். பிறகு, வெட்டி முடித்த பழைய திறந்தவெளிக் குழியில் இறக்குவார்கள். 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள மெக்கார்தர் ரிவர் சுரங்கத் தாதுவின் அடிமண்டி, கீ லேக் ஆலையின் டீல்மன் குழிக்குத்தான் போகிறது. திறந்தவெளியில் ஊற்றினால் பருமணல் குழாய் வாயருகே நின்றுவிடும், நுண்துகள் தொலைவுக்கு ஓடும். குளிர்காலத்தில் இடையிடையே பனி அடுக்கு உறைந்து, அடிமண்டி இறுகாமல் கிடக்கும். அதனால்தான் நீருக்கடியில் இறக்குகிறார்கள். இதற்கு 'நீரடி இறக்கம்' போதும்.

கேமிக்கோவின் இன்னொரு சுரங்கமான ராபிட் லேக்கின் குழியில் அடிமண்டியைச் சுற்றி மணலும் உடைகல்லும் நிரப்பியிருக்கிறார்கள். அடிமண்டியைவிட அதில் நீர் எளிதாக ஓடும். நிலத்தடிநீர் நடுவே புகாமல் சுற்றிப் போய்விடும். 'நீர்விடு சூழடுக்கு' என்பேன். 'காப்பு உறை' என்று எழுதிவிடாதீர்கள். நீரைத் தடுக்கும் சுவர் என்று ஆகிவிடும், வேலையே தலைகீழ்.

முருகேசன்

---

முருகேசன் ஐயா,

அடிமண்டிக்கு என் முழு ஆதரவு. நிறுவனத்தின் சுரங்கத் தொழில் பற்றிய பத்தியில் மட்டுமல்ல, ஊர்ப் பங்கேற்புப் பத்தியிலும் இதே சொல் வரட்டும். 2016இல் ஹாட்செட் லேக், பிளாக் லேக், ஃபான் டு லாக் ஊர்களின் தெனே பழங்குடி மக்களோடும் அண்டை ஊர்களோடும் செய்த யாத்தி நெனே உடன்படிக்கையில் வேலைவாய்ப்போடு சுற்றுச்சூழலும் இருக்கிறது. அப்பகுதியில் நீர், மீன், பெர்ரிப் பழம் எல்லாம் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. ஏரி மீனைச் சமைப்பவருக்கு 'பதப்படுத்திய எச்சம்' என்று பூசி எழுதுவது நியாயமே இல்லை.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: கழிவுப்பாறை, தாது அடிமண்டி, அடிமண்டிக் குழம்பு, அடிமண்டிக் குழி, நீரடி இறக்கம், நீர்விடு சூழடுக்கு. குழியில் அடிமண்டிக்கு மேலே நிற்கும் நீருக்கு 'தெளிநீர்' என்றால் குடிநீர் போலிருக்கிறது; 'மேல்நீர்' சரியா?

செல்வி