கரிசல் காட்டில் வீட்டுத் தோட்டம்: எங்கள் அனுபவம்

கோவில்பட்டிப் பக்கம் கொல்லையில் ஒன்றரை சென்ட் நிலத்தில் காய்கறி போட்டுவரும் எங்களுக்கு, கரிசலின் சிக்கல் சத்துக் குறைவல்ல, அதன் களித்தன்மைதான் என்பது முதல் இரண்டு வெள்ளாமையிலேயே விளங்கிவிட்டது. அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்னும் களி நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குவதால், ஐப்பசியில் வேருக்குக் காற்றில்லை. சித்திரையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

பலரும் சொல்லும் மருந்து மணல். பக்கத்து வீட்டில் ஒரு டிராக்டர் மணலைக் கொட்டிக் கொத்தி விட்டார்கள். கோடையில் அந்தத் தரை முன்னைவிடக் கெட்டியாக இறுகிவிட்டது. மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருந்தாலொழிய களியின் குணம் மாறாது என்பதால், வீட்டுச் செலவுக்கு அது கட்டுப்படியாகாது. குளத்து வண்டலும் அப்படித்தான்: செம்மண்ணுக்கு அருமையானது, கரிசலுக்கோ களியோடு களி சேர்ப்பது.

களிமண்ணைத் திருத்தச் சிலர் போடும் ஜிப்சம் என்னும் கனிமத் தூளை வாங்குமுன் ஒரு சோதனை செய்துபார்ப்பது நல்லது. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு டம்ளர் மழைநீரில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக நின்றால் ஜிப்சத்தால் பெரிய பயனில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் கலங்கினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது என்று பொருள். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து அந்தச் சோடியத்தை விலக்கும். ஆனால் விலகியது நல்ல தண்ணீரில் கரைந்து வெளியேற வடிகால் இல்லையென்றால் போட்ட காசு வீண். எங்கள் மண்ணில் தண்ணீர் தெளிவாகவே நின்றதால் ஜிப்சம் வாங்கவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரச் செடி. சென்ட்டுக்குக் கால் கிலோ விதையை ஆவணியில் விதைத்து, 45 நாள் வாக்கில் பூ எடுக்கும்போது வெட்டி மண்ணுக்குள் மடக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். அதன் வேர் இறங்கிய தடத்தில் மண்வெட்டி தடையின்றி இறங்கியது. தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பவர்கள் நன்றாக மக்கியதையே போட வேண்டும். பச்சையாகப் போட்டால் செடிக்கு வேண்டிய தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொண்டு இலையை வெளுக்க வைத்துவிடும்.

எதைப் போட்டாலும் பதம் பார்க்காமல் கொத்தினால் கெட்டது. ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டும்போது உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக நீண்டால், மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று எவ்வளவு அவசரமிருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். ஈரத்தில் மிதிபட்ட இடம் அடுத்த மழைவரை பாளமாகவே கிடக்கும். ஆகவே பாத்திகளை முக்கால் அடி உயர்த்தி, நடக்க வழியைத் தனியாக விட்டிருக்கிறோம். தண்ணீர் தேங்கினால் தாங்காத பப்பாளிக்கும் முருங்கைக்கும் இன்னும் உயரமான மேடு வேண்டும்.

நம் வெயிலுக்கு மண்ணில் மக்கிய உரம் விரைவில் கரைந்துவிடுவதால், ஆண்டுதோறும் ஆடியில் சென்ட்டுக்கு 50 கிலோ தொழுவுரம் போட்டுவருகிறோம். ஆட்டுக்கிடை போடுபவர்களிடம் பங்குனியிலேயே சொல்லிவைத்தால் புழுக்கை மலிவாகக் கிடைக்கும்.