பல்செட் போட்ட மாமியாருக்கு ஓயாத அண்ணப் புண்

ஜெலுத்தோங் மருமகள் கேட்கிறார்:
மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு. பொக்கை வாயைப் பேரப்பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று இரவிலும் பல்செட்டைக் கழற்ற மாட்டார். மேல் அண்ணம் சிவந்து எரிகிறது. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கூட இறங்கவில்லை. பூஞ்சை மருந்தில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. மருந்து சரியில்லையா?

ஆய்வகத்துக்காரன்:
மருந்தைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. பூஞ்சையின் குடியிருப்பே பல்செட்தான். காண்டிடா அல்பிகன்ஸ் என்ற அந்தப் பூஞ்சை, பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலுள்ள நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நொதி பூஞ்சையின் மேல் படிந்து, நாம் தின்னும் சீனியைப் பசையாக்குகிறது. இரண்டும் சேர்ந்த அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரன்: பூஞ்சை இழையிலுள்ள அல்ஸ்3 புரதத்தைப் பற்றிக்கொண்டு, பூஞ்சையின் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் போர்வைக்குள் வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கே தப்பிவிடும். எல்லாக் கூட்டும் நட்பல்ல. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா பூஞ்சை இழைகளைக் கொல்லும் என்று 2002இல் காட்டினார்கள். மாமியாருக்கு அதனால் பயனில்லை என்பது வேறு.

ஆயர் ஈத்தாம் அத்தை:
பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகாவது கழற்றச் சொல்லம்மா. தினமும் சோப்பும் மென்மையான பிரஷும் போட்டுத் தேய்த்து, இரவில் தண்ணீரில் ஊறவை. வெந்நீர் வேண்டாம், வடிவம் கெடும். உலோகக் கம்பி இருந்தால் குளோரின் படக்கூடாது. செட் தளர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டு. சர்க்கரை அளவையும் பார்த்துவிடு.

ஜெலுத்தோங் மருமகள்:
நன்றி அத்தை. கழற்றச் சொல்லும் வேலையைக் கணவரிடமே விட்டுவிட்டேன்.