கிராக்கோவ் நிலக்கரித் தடை: நியாயமா, அடாவடியா?

தணல்: போலந்துல கிராக்கோவ் நகரத்துக்குள்ள 2019 செப்டம்பர் 1லேர்ந்து வீட்டுல நிலக்கரி, விறகு ரெண்டுமே எரிக்கக் கூடாது. கணப்புக்குக்கூட அனுமதி இல்ல. சனவரியில மைனஸுக்குப் போற ஊருங்க அது! எதை எரிச்சுக் குளிர்காயணும்னு நகராட்சியா சொல்றது? சுத்த அடாவடி.

விஸ்துலாவாசி: நகராட்சி இல்ல தணல், மாகாண சபை. ராத்திரியோட ராத்திரியா வந்ததும் இல்ல. 2013ல போட்ட தீர்மானம் கோர்ட்ல நிக்கல. 2015ல சட்டத்தையே திருத்தி, 2016ல மறுபடி போட்டாங்க. மூணு வருஷத்துக்கு மேல அவகாசம் கொடுத்தாங்க. சீக்கிரம் அடுப்பை மாத்தினவங்களுக்கு மானியம் அதிகம், இழுத்தடிச்சவங்களுக்குக் கம்மி.

நான் கிராக்கோவ்லதான் இருக்கேன். தடைக்கு முன்னாடி பழைய குடியிருப்புகள்ல அறைக்கு அறை ஆளுயரத்துக்கு ஓடு பதிச்ச அடுப்பு இருக்கும். கரி கிடந்தது நிலவறையில. வயசானவங்க வாளியில அள்ளி மாடிக்குத் தூக்கணும், அப்புறம் சாம்பலை இறக்கணும். ஊரோ பள்ளத்தாக்குல இருக்கு. காத்து அசையாத நாள்ல மேல சூடான காத்து படிஞ்சுடும், கீழ இருக்கிற புகை நகராது. "கரி அடுப்பு என் உரிமை"ன்னு அந்தப் புகைக்குள்ள நின்னு சொல்லுங்க பாப்போம்.

தணல்: உருக்கமாத்தான் இருக்கு. கரிக்குப் பதிலா கேஸ்னா, அந்தப் பில்லை யார் கட்டுறது?

விஸ்துலாவாசி: வருமானம் கம்மியான வீடுகளுக்குக் கூடுற செலவை ஈடுகட்ட நகராட்சி உதவித்தொகை கொடுக்குது. தடையை விட எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்.

மருதன்: ஒரு சந்தேகம். பல வீடுகளுக்கு அறையைச் சூடாக்கக் குழாயில் வெந்நீர் வருவது வெங்க் அனல்மின் நிலையத்திலிருந்து. அங்கே எரிவதும் நிலக்கரிதானே?

விஸ்துலாவாசி: ஆமாங்க. ஆனா அங்க வடிகட்டி இருக்கு, புகைபோக்கியும் உசரம். வீட்டு அடுப்புப் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா வரும்.

தணல்: சரி, ஊரைச் சுத்தி இருக்கிற சின்ன ஊர்கள்? அங்க இன்னும் கரி எரியுது, அந்தப் புகை உங்க ஊருக்குள்ளதான் வருது. அங்க வீட்டைச் சூடாக்குற பழைய கரி பாய்லர்களை 2022 கடைசியில நிறுத்தணும்னு விதி. அதையும் 2024 மே வரைக்கும் தள்ளிட்டாங்க.

விஸ்துலாவாசி: தடை போதலன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். தடையே தப்புன்னு இதுல எங்க வருது?

தணல்: வருது. 2022ல ரஷ்யக் கரியை நிறுத்தினதும் அரசாங்கம் கரி எரிக்கிற வீட்டுக்கு 3000 ஸ்லோட்டி (போலந்துப் பணம்) கொடுத்துச்சு. அப்போ ஆளுங்கட்சித் தலைவரா இருந்த காச்சின்ஸ்கி, டயர் மாதிரி சாமானைத் தவிர எதை வேணா எரிங்கன்னு மேடையில பேசினார். சொன்ன பேச்சைக் கேட்டுக் கரியை விட்டவனுக்கு அந்த 3000 கிடையாது. அடுத்த தடவை எவன் கேப்பான்?

விஸ்துலாவாசி: அந்தக் கோபம் நியாயம். ஆனா அது தலைநகர் வார்சாவுல இருக்கிற மத்திய அரசு செஞ்ச வேலை. கிராக்கோவ் மேல ஏன் பாயறீங்க?

தணல்: அடுப்பை இழந்தவனுக்கு ரெண்டும் ஒரே சர்க்கார்தான் சார்.

மருதன்: அந்த 3000த்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாய்லர் மாற்றச் செலவிட்டிருக்கலாம். இதை இருவருமே சொல்லவில்லையே?